அசையாதீங்க, மூணு கிளிக்கு

குடவாசல் வட்டாரத்தில் உயிரோடு இருப்பவர்களை ஜென்மப் பகையாகப் பார்த்த ஒரே போட்டோகிராபர் எங்கள் ‘மூணு கிளிக்கு’தான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. உயிருள்ளவர்கள் அசைவார்கள்.

மற்றவர்கள் ஒரு படத்துக்கு ஒருமுறை அமுக்கினால் இவர் மூன்று முறை அமுக்குவார். வெளிச்சத்துக்கு ஒன்று, நடுவாந்திரமாக ஒன்று, இருட்டுக்கு ஒன்று. மூன்றையும் கம்ப்யூட்டரில் கலந்தால் வெயிலில் இருப்பதும் நிழலில் இருப்பதும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியும். ஹெச்.டி.ஆர். என்பார். கேமராவை ஸ்டாண்டில் இறுக்கி, ஃபோகஸைப் பூட்டி, கை பட்டால் ஆடும் என்று டைமரும் வைத்துவிட்டு, எதிரே நிற்பவர்களிடம் மூச்சு விடாதீர்கள் என்று உத்தரவு போடுவார்.

ஒரு கல்யாணத்தில், தாலியைக் கையில் எடுத்த மாப்பிள்ளையை அப்படியே நிறுத்திவிட்டார். நாதஸ்வரக்காரர் உப்பிய கன்னத்தோடு நின்றார்.

“முகூர்த்தம் போவுதுய்யா,” என்று பதறினார் பெண்ணின் அப்பா.

“அது எங்கயும் போவாது. நீங்க கையை ஆட்டாதீங்க.”

ஆல்பம் வந்தபோது மாப்பிள்ளைக்கு மூன்று கைகள். மூன்றிலும் தாலி. அதன்பிறகு எவன் கூப்பிடுவான்? சாவு வீடுகள்தான் மிச்சம். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. “அங்கதாங்க ஒருத்தராவது சொன்னபடி கேக்குறாரு” என்பார். நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இந்தத் தையில் அப்பா செத்துப்போனார்.

தம்பிக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. போனில் அழுதுகொண்டே ஒன்றே ஒன்று கேட்டான். “அப்பா முகமும் தெரியணும்ண்ணே, வாசலுக்கு வெளிய நம்ம வயலும் தெரியணும். ஒரே படத்துல.” அப்பா பாதி ஆயுள் குத்தகைக்கு உழுது, பிறகு சொந்தமாக்கிக்கொண்ட வயல் அது. செல்போனில் எடுத்துப் பார்த்தேன். அப்பா முகம் தெரிந்தால் வயல் வெளுத்துப்போனது. வயல் தெரிந்தால் அப்பா இருட்டில் கிடந்தார். வேறு வழியில்லாமல் மூணு கிளிக்குக்கு ஆள் அனுப்பினேன்.

வந்தார். செருப்பைக் கழற்றி, அப்பாவைக் கும்பிட்டுவிட்டு, மாலை ஆடுகிறது என்று ஃபேனை நிறுத்தினார். ஒப்பாரி வைத்த அத்தைகளைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். அப்புறம் வெளியே கதிர் ஆடுகிறது என்று காற்று நிற்கக் காத்திருந்தார்.

“பாடை கட்டியாச்சு. இவருக்குக் காத்து நிக்கணுமாம்,” என்று சித்தப்பா பல்லைக் கடித்தார்.

“போறவரே அவசரப்படலைங்க. நீங்க ஏன் பறக்குறீங்க?”

ஒருவழியாகக் காற்று நின்றது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் குனிந்து, “அம்மா, மூணு கிளிக்கு மட்டும் அசையாதீங்க,” என்றார். அம்மா தலையாட்டினாள். முதல் கிளிக். இரண்டாவது. மூன்றாவது இருட்டுக்கானது, கொஞ்சம் நீளம். அதுவரை அம்மாவால் முடியவில்லை. அப்பாவின் மார்பில் விழுந்துவிட்டாள்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“இன்னொருக்கா எடுத்துருங்க,” என்றேன்.

“வேணாங்க. வந்துருச்சு,” என்று ஸ்டாண்டை மடக்கினார்.

அன்று சாயங்காலம் எனக்கும் தம்பிக்கும் படத்தை அனுப்பினார். அப்பாவின் முகம் பளிச்சென்று இருந்தது. வாசலுக்கு அப்பால் முற்றிய சம்பா, கதிர் கதிராக. அம்மா மட்டும் உட்கார்ந்தும் குனிந்தும் சரிந்தும் புகைபோல் இருந்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. போன் போட்டு, இதைச் சரி பண்ண முடியாதா என்று கேட்டேன்.

“அந்தப் புகையை ஒரு தட்டுல அழிச்சிரலாங்க. மனசு வரல. வேணும்னா சொல்லுங்க, அழிச்சிடுறேன்.”

அழிக்கச் சொல்லிவிட்டு வைத்தேன். வைத்ததும் தம்பி கூப்பிட்டான்.

“அம்மா அழுவுறது தெரியுதுண்ணே,” என்றான். “பக்கத்துல இருந்த மாதிரி இருக்கு.”

அழிக்க வேண்டாம் என்று சொல்ல மூணு கிளிக்கைத் திரும்பக் கூப்பிட்டேன். “அம்மா” என்றதுமே உடைந்து அழுதுவிட்டேன். அந்தக் கிறுக்கு மனிதர் ஒன்றும் கேட்கவில்லை. நான் அழுது முடிக்கும்வரை போனை வைக்காமல் இருந்தார்.