குளிர்காலச் செடிக்கு ரெண்டு ஆள்

இந்தக் குளிர்காலம் அரிசோனாவுக்குப் போவதில்லை என்று ஹால்வர் முடிவு செய்துவிட்டார். தலையே போனாலும் சரி. மனைவி ஆர்டிஸிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி. அங்கேதான் அந்த முடிவு வாரக்கணக்கில் நொண்டிக்கொண்டிருந்தது.

மினசோட்டாவில் ஏரி உறைந்துவிட்டால் ஹால்வருக்கு அதுதான் சொர்க்கம். பனிக்கட்டி மேல் சின்னக் குடிசை. அதற்குள் ஓர் அடுப்பு, தரையில் ஒரு துளை, துளைக்குள் தூண்டில். பேச ஆள் கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தான் ஆர்டிஸ் வருஷா வருஷம் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அரிசோனாவில் தன் அக்கா டெலோரிஸ் வீட்டில் இறக்குவாள். அங்கே வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அக்கா புருஷன் வெர்னனை முடியாது. இடுப்பு எலும்பை மாற்றிக்கொண்ட மனிதர். ஆபரேஷன் ஒரே காலையில் முடிந்துவிட்டது. அதைப் பற்றிய கதை இன்னும் முடியவில்லை.

செப்டம்பரில் ஹால்வர் நர்சரிக்குப் போய் வண்டி நிறையச் செடிகளோடு வந்தார். இடுப்பொடிய ஜன்னலுக்கு நேராகக் குழி வெட்டி நட்டார்.

"என்னங்க இது, ஒரு பூகூட இல்லையே?" என்றாள் ஆர்டிஸ்.

"இலை கொட்டட்டும், அப்புறம் பாரு. தண்டெல்லாம் ரத்தச் சிவப்பா நிக்கும். வெள்ளைப் பனியில கண்ணைப் பறிக்கும். அந்தப் பக்கம் இருக்கறதுல சிவப்புப் பழம் கொத்துக் கொத்தாத் தொங்கும்."

"இந்த ஒண்ணு ஏன் தனியா நிக்குது?"

"அது ஆண் செடி. பழம் வைக்காது. ஆனா அது பக்கத்துல இல்லேன்னா மத்ததும் வைக்காது."

"அதாவது, ஒண்ணும் பண்ணாமப் பக்கத்துல நிக்கும்."

"ஆமா."

"அதைப் போய் எதுக்கு வாங்கினீங்க? வீட்லயே ஒண்ணு இருக்கே!"

ஹால்வர் விழுங்கிக்கொண்டார். காரியம் பெரிது.

அன்று சாப்பாட்டு மேஜையில் பெருமூச்சு விட்டார். "ஆர்டிஸ், இந்த வருஷம் நான் எப்படி வர முடியும்னு தெரியலையே. புதுச் செடி. முயல் வந்து பட்டையை வட்டமாக் கடிச்சா அன்னைக்கே செத்துடும். பனி விழ விழக் கிளையைத் தட்டிவிடணும். காத்தடிச்சா சாக்கு சுத்தணும். உண்மையில இது ரெண்டு ஆள் வேலை. என்ன பண்றது, நான் ஒருத்தனா அல்லாடறேன். நீ அக்காவைப் பாத்துட்டு வா."

ஆர்டிஸ் அவரை உற்றுப் பார்த்தாள். "ரெண்டு ஆள் வேலையா?"

"குறைஞ்சது!"

"பாவம்ங்க நீங்க" என்று இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு போட்டாள்.

டிசம்பரில் அவளை விமானம் ஏற்றிவிட்டு, ஹால்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து காரில் உட்கார்ந்து பாட்டுப் பாடினார். தூண்டிலை எண்ணெய் போட்டுத் துடைத்தார். மறுநாள் காலை குடிசைக்குக் கிளம்பக் கதவைத் திறந்தால், வாசலில் ஒரு டாக்ஸி. அதிலிருந்து முதலில் ஒரு மெத்தைத் திண்டு இறங்கியது. பிறகு வெர்னன் இறங்கினார்.

"சகலை! நான் இருக்கும்போது நீ ஒத்தை ஆளாக் கஷ்டப்படறதா? ஆர்டிஸ் போன்ல அழாத குறையாச் சொன்னா. உடனே டெலோரிஸ் என் பெட்டியைக் கட்டிட்டா. எங்கே செடி?"

ஹால்வர் தூண்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

வெர்னன் குடிசைக்கும் வந்தார். இருந்த ஒரே நாற்காலியில் திண்டைப் போட்டு உட்கார்ந்தார். "அந்த டாக்டர் என்னைத் திருப்பிப் படுக்க வெச்சாரா..." என்று ஆரம்பித்தார். அன்று ஏரியில் ஒரு மீன்கூட அந்தத் துளைப் பக்கம் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. மீன்களுக்காவது நீந்திப் போக இடம் இருந்தது.

செடி செத்தால் இந்த ஆளுக்கு இங்கே வேலை இருக்காது என்று ஹால்வருக்குத் தோன்றியது. யாரும் பார்க்காதபோது செடிகளைச் சுற்றியிருந்த கம்பி வலையைக் கழற்றி எறிந்தார். முயல்கள் வந்தன. வெர்னன் பனியில் கால்தடத்தைக் கண்டுபிடித்தார். உற்சாகம் தாங்கவில்லை. வலையை இரட்டையாகக் கட்டி, ஜன்னலோரம் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். துணைக்கு ஹால்வரையும் உட்கார வைத்து, கதையைத் தொடர்ந்தார். வெளியே செடிகள் செக்கச் செவேலென்று நின்றன. நட்டது நான், நட்டமும் எனக்கே என்று ஹால்வர் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டார்.

கடைசியில் மானத்தை விட்டுப் போன் செய்தார்.

"ஆர்டிஸ், நான் பொய் சொல்லிட்டேன். இந்தச் செடிங்களுக்குக் குளிர்காலத்துல ஒரு வேலையும் கிடையாது. ஒரு தடவை வலை கட்டினாப் போதும். அதுபாட்டுக்குத் தூங்கும். வெர்னனை வரச் சொல்லிடு."

"அது எனக்குத் தெரியும்ங்க. நீங்க செடி வாங்கின மறுநாளே நர்சரியில கேட்டுட்டேன்."

"தெரிஞ்சுமா அனுப்பினே?"

"அக்கா அந்தக் கதை கேக்காம ஒரு குளிர்காலமாவது இருக்கணும்னு எத்தனை வருஷமா ஏங்கறா தெரியுமா? எங்களுக்கு ஒரு வழியும் புலப்படல. கடவுளாப் பாத்து உங்க வாயில ஒரு பொய்யை வெச்சார்."

பின்னால் அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. ஹால்வர் போனைக் காதிலிருந்து எடுத்து முறைத்துப் பார்த்தார்.

"ஏங்க, இருக்கீங்களா? வசந்தம் வந்ததும் இன்னும் கொஞ்சம் செடி நடுவீங்களாம். அடுத்த வருஷம் அவரைச் சீக்கிரமே அனுப்பறாளாம் அக்கா."