மிதக்காத காந்தமும் வடை சாரும்

தோற்றுப்போனதற்கு ஊருக்கே வடை வாங்கித் தருகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். சனிக்கிழமைதோறும் பாடியில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வருவார். பெயர் கேட்க எனக்குக் கூச்சம். எல்லோருக்கும் அவர் வடை சார்.

இரும்பைச் சூடேற்றிப் பதப்படுத்துகிற பட்டறை எங்களுடையது. அதன் மூலையில் கிடந்த சின்ன உலையை அவர் வாடகைக்கு எடுத்திருந்தார். நெமிலிச்சேரி ஃபிளாட்டிலிருந்து லேப்டாப்போடு வருவார். எந்தப் பொடியோடு எந்தப் பொடியைச் சேர்க்கலாம் என்று அதிலிருக்கும் ஏஐ சொல்லும். இவர் அரைத்து, வில்லையாக அழுத்தி, உலையில் சுடுவார். பிறகு புகை பறக்கும் திரவ நைட்ரஜனில் அதைக் குளிரவைத்து, மேலே ஒரு குட்டிக் காந்தத்தை வைப்பார். காந்தம் அந்தரத்தில் மிதந்தால், கரன்டைத் துளிகூட வீணாக்காமல் கடத்தும் புதுப்பொருள் கிடைத்துவிட்டது என்று அர்த்தமாம்.

அது மிதந்ததே இல்லை. சேற்றில் எருமை மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

"இன்னா சார், இன்னிக்கும் குந்திக்கிச்சா?" என்பான் என்னோடு வேலை பார்க்கும் துரை.

"குந்திடுச்சு துரை! எல்லாருக்கும் வடை சொல்லு!"

"தோத்ததுக்கு எதுக்கு சார் வடை?"

"ஜெயிச்சதை மட்டும்தான்யா எல்லாரும் வெளியில சொல்றாங்க. ஆகாததையும் சொன்னாத்தான் ஏஐக்கு அறிவு ஏறும்!"

ஆயுத பூஜைக்கு முன் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். புது மெஷின் வருகிறது. இன்னும் ஒரே ஒரு வில்லை, அதன்மேலும் காந்தம் மிதக்காவிட்டால் மூலையைக் காலி செய்ய வேண்டும். சார் கைவசம் இருந்த பொடியையெல்லாம் போட்டு ஒரு வில்லை அழுத்தி வைத்துவிட்டுப் போனார். பூஜையன்று துரை உலை, சுத்தியல், தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தான். பக்தி முற்றி அந்த வில்லைக்கும் வைத்துவிட்டான்.

சனிக்கிழமை சார் வந்து பார்த்தார். பொட்டைத் துடைக்காமல் அப்படியே சுட்டார். காந்தம் குந்திக்கொண்டது.

முதலாளி முன்னால் வாயே திறக்காத நான் திறந்தேன். "மொதலாளி, பொட்டு வெச்சது நம்ம ஆளு. இது கணக்குல சேராது."

"சேரும்," என்றார் சார், லேப்டாப்பில் தட்டிக்கொண்டே. "சந்தனம், குங்குமம் சேர்ந்தா மிதக்கலை. ஏஐக்கும் அது தெரியட்டும்." பிறகு வடைக்கு ஆள் அனுப்பினார்.

முதலாளி வடையைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். "உங்களுக்காகப் பேச வந்தவனையே கவுத்துட்டீங்களே சார்! இப்படிக் கணக்குல பொய் சொல்லாத ஆளை எப்படி அனுப்புறது? புது மெஷினுக்கு வெளியில ஷெட்டு போட்டுக்கிறேன். போய் அடுத்ததைச் சுடுங்க."

இன்றும் சனிக்கிழமைதோறும் வடை வருகிறது. ஆனால் அவர் காந்தத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். ஒரு நாளாவது அது மிதக்கட்டும். வடை போனால் போகிறது.