தலையைத் தொடும் ராஜா

கச்சேரித் தலைவர்களில் ஓர் இனம் உண்டு. கைதட்டல் எல்லோருக்கும் பொது என்று மேடையில் உருகிச் சொல்லும்; பக்கத்து ஆளுக்கு இரண்டு தட்டு கூடுதலாக விழுந்துவிட்டால் வயிறு எரிந்து சாகும். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நியூ ஆர்லியன்ஸில் அந்த இனத்துக்குப் பெயர் கிங் தியோஃபில். அந்த ராஜா பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், அவரே சூட்டிக்கொண்டதுதான். ஜாஸ் பாடகர், குழுத் தலைவர், அந்த ஊர் வழக்கப்படி சவ ஊர்வலத்தில் முன்னால் பாடிப் போனால்கூடக் கூட்டம் செத்தவருக்காக வரவில்லை, தனக்காகத்தான் வந்தது என்று மனமார நம்புகிறவர்.

ஜாஸில் ஆளுக்கொரு முறை தனியாக வாசிப்பார்கள். தலைவர் தன் தலையைத் தொட்டுக் காட்டினால், ‘போதும், பல்லவியைப் பிடித்து முடி’ என்று அர்த்தம். தியோஃபிலின் கை தலைக்குப் போக ஒன்றே ஒன்று போதும்: அடுத்தவருக்கு விழும் கைதட்டல். அதிலும் பியானோக்காரி கிளியோரா வாசிக்க ஆரம்பித்தால் அந்தக் கை கீழேயே இறங்காது.

ஒரு நாள் கிளப் முதலாளியம்மா ஃபிலோமின் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“இன்னிக்கு ரேடியோக்காரங்க வர்றாங்க. யாருக்குக் கைதட்டல் அதிகமோ அவங்க பேருதான் வாசல் பலகையில மேல. அப்புறம் என்கிட்ட மூஞ்சியத் தூக்கக் கூடாது.”

ராஜாவின் தட்டில் சிவப்பு பீன்ஸ் சோறு அப்படியே ஆறிப்போனது. புது டோப்பா ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு மேடை ஏறினார். ரேடியோவில் முடி தெரியுமா என்கிறீர்களா? அதை அவரிடம் கேட்க யாருக்குத் துணிச்சல்!

வழக்கம்போலக் கிளியோராவின் வாசிப்பைப் பாதியில் வெட்டிவிட்டுப் பாட ஆரம்பித்தார். ஆகஸ்ட் புழுக்கம். வியர்வையில் டோப்பா நழுவியது. கை தானாகத் தலைக்குப் போனது. குழு பணிவாகப் பல்லவிக்குத் திரும்பிப் பாட்டை முடித்துவிட்டது.

“யாருடி முடிக்கச் சொன்னது?” என்று கிளியோராவிடம் சீறினார்.

“நீங்கதாண்ணே! தலையத் தொட்டீங்களே!”

அடுத்த பாட்டிலும் அதே கதை. டிரம்காரர் அம்ப்ரோஸ் உரக்கச் சொன்னார்: “ராஜாவுக்கு இன்னிக்கு என்னா அடக்கம்! ரெண்டு வரியிலயே போதும்ங்கறாரு!”

ஊரே ரேடியோவில் கேட்டுச் சிரித்தது. டோப்பாவைப் பிடித்தால் பாட்டு போகும், விட்டால் மானம் போகும். மூன்றாவது பாட்டில் மனிதர் அதைக் கழற்றிப் பியானோ மேல் வீசிவிட்டு, வழுக்கை பளபளக்கப் பாடினார். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு பாட்டை அவர் அதுவரை பாடியதே இல்லை. கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

அந்தக் குஷியில் கிளியோராவுக்குக் கை காட்டினார். அவள் வாசித்தாள். கைதட்டல் கூரையைத் தூக்கியது. ராஜாவின் கை மெல்ல மெல்ல மேலே போயிற்று. அரங்கமே அந்தக் கையைப் பார்த்தது.

“என்னண்ணே, வேர்க்குதா?” என்றாள் கிளியோரா, வாசிப்பை நிறுத்தாமல்.

கை பாதி வழியில் திரும்பிக் காதைச் சொறிந்தது.

மறுநாள் பலகையில் கிளியோராவின் பெயர் மேலே, ராஜாவின் பெயர் கீழே. அதன் அடியில் நின்றுகொண்டு போவோர் வருவோரிடமெல்லாம் அவர் சொன்னார்: “நாந்தான் எழுதச் சொன்னேன். சின்னப் பொண்ணு, முன்னுக்கு வரட்டுமே!”

சிரித்தாயிற்றா? நல்லது. நாளைக்கு உங்கள் பக்கத்து மேசைக்காரரை நாலு பேர் புகழ்வார்கள். அப்போது உங்கள் கையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.