டெட்ராய்ட்டுக்குப் போன பின்பாட்டுக்காரி

"கக்கூஸ் வாசல்ல நிக்க வச்சு என்னைப் பாட விட்டியே, நீயெல்லாம் ஒரு புருஷனா?"

ஆல்பம் வெளிவந்த நாளிலிருந்து வெர்டெல் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கீரை அலசும்போது சொன்னாள். சட்டைக்குக் கஞ்சி போடும்போது சொன்னாள். சர்ச்சுக்குக் கிளம்புகையில் தொப்பியைச் சரிசெய்தபடி கண்ணாடியிடமும் சொன்னாள்.

"அது தொழில் முறை, வெர்டெல்," என்றான் அலான்சோ. "பெரிய குரல்காரங்க மைக்கை விட்டுத் தள்ளித்தான் நிக்கணும். மெம்ஃபிஸ்ல எந்த ஸ்டூடியோவுல வேணா கேட்டுப் பாரு."

"தள்ளின்னா நாலடி. நீ தள்ளின தள்ளுக்கு அடுத்த தெருவுல போய் விழுந்திருப்பேன். நடுவுல கக்கூஸ் வந்துச்சோ, பொழச்சேன்."

அலான்சோ, சர்ச் பாட்டிலிருந்து கிளைத்த சோல் இசையைப் பாடுகிறவன். இது அவனுடைய முதல் ஆல்பம். பின்பாட்டுக்கு வீட்டிலேயே ஆள் இருக்க வெளியே தேடுவானேன் என்று, சர்ச் கொயரில் பாடும் பெண்டாட்டியைக் கூட்டிப்போனான். முதல் பாட்டிலேயே அவள் குரல் எழும்பி அவன் குரலின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அலான்சோ ரெக்கார்டிங் செய்கிறவரின் காதைக் கடித்தான். பாட்டுக்குப் பாட்டு வெர்டெல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தாள். கடைசியில் கதவையும் தாண்டி, தரையிலிருந்து கூரைவரை டைல்ஸ் பதித்த குறுகலான கக்கூஸ் நடையில் நின்று பாடினாள். ஆல்பத்தின் அட்டையில் அவள் பெயருக்கு இடமில்லை. அட்டை முழுக்க அலான்சோவின் பல்வரிசை.

டைல்ஸ் ஒரு குரலை என்ன செய்யும் என்று, வாழ்நாளில் ஒரு தடவையாவது குளியலறையில் பாடியவனுக்குத் தெரியும். பொறாமை பிடித்தவனுக்குத் தெரியாது.

விமரிசகர்களுக்குக் காது இருந்தது. "பின்னால் ஒரு பெண்குரல், மோட்சத்தின் வாசலில் நின்று பாடுவதுபோல் வருகிறது" என்று எழுதியது உள்ளூர்ப் பத்திரிகை. "முன்னால் ஒருவர் விடாமல் பாடிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெண்ணைச் சரியாகக் கேட்க முடியவில்லை" என்று குறைப்பட்டது இன்னொன்று.

அலான்சோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினம் விடிந்ததும் கடைக்கு ஓடினான். அவள் கண்ணில் படுவதற்குள் பத்திரிகைகளை வாங்கி, முடிவெட்டும் கடையில் கொண்டுபோய்ப் படித்து, அங்கேயே போட்டுவிட்டு வந்தான். தான் ஒளித்துவைத்த பத்திரிகையை உலகத்தில் வேறு யாரும் வாங்க மாட்டார்கள் என்று ஆண்களுக்கு ஒரு நம்பிக்கை.

சிகாகோப் பத்திரிகையின் ஹோரஸ் லாட்டிமர் மட்டும் இன்னும் எழுதவில்லை. அவர் எழுதுவதைப் பார்த்துத்தான் இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிப் பேசலாம் என்று ரெக்கார்டு கம்பெனி சொல்லிவிட்டது. அவர் ஊருக்கு வருகிறார் என்று தெரிந்ததும் அலான்சோ திட்டம் போட்டான். ஞாயிறு மதியச் சாப்பாடு. வெர்டெல் பொரித்த கோழியைத் தின்றவன் எவனும் அந்த வீட்டைக் குறை சொன்னதில்லை.

"நீ சமைச்சாப் போதும். பரிமாறு. வாயைத் திறக்காத," என்றான்.

"சரி."

அவ்வளவு சுலபமாக அவள் சரி சொன்னதில்லை. அப்போதாவது அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

லாட்டிமர் வந்தார். உட்கார்ந்தார். முதல் கேள்வியே அதுதான்.

"பிரதர் அலான்சோ, பின்னால பாடுற அந்தப் பொண்ணு யாரு?"

"அதுங்களா, இங்கதான் இருந்துச்சு. டெட்ராய்ட்டுக்குப் போயிடுச்சு. விலாசம்கூடத் தெரியல."

வெர்டெல் சோள ரொட்டியை வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்தாள்.

அலான்சோ அவசரமாகக் கண்ணை மூடினான். "உணவுக்காக நன்றி ஆண்டவரே ஆமென். எடுத்துக்குங்க சார்."

லாட்டிமர் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. "நான் மிசிசிப்பியில சர்ச் ஊழியம் பண்ற ஒரு டீக்கன் வீட்டுல பொறந்தவன், பிரதர். வீட்டுக்காரர் ஒரு வரி எடுத்துக் குடுப்பார், மேஜை முழுக்க இழுத்துப் பாடும். அதுக்கப்புறம்தான் கோழி. உங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்லையா?"

இல்லை என்று சொன்னால் காட்டுமிராண்டி. அலான்சோ பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் பரமசாதுவாகக் கண்ணை மூடியிருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"உம் பந்தியில் வந்தமர்ந்தோம், கர்த்தரே..."

எடுத்துக் கொடுத்த வரிக்குப் பதில் பாடாமல் இருப்பது, வாசலுக்கு வந்த கடவுளை உள்ளே கூப்பிடாமல் நிற்க வைப்பதற்குச் சமம். புருஷன் போட்ட வாய்ப்பூட்டெல்லாம் அதற்கு முன் எம்மாத்திரம்? வெர்டெல் பதில் பாடினாள். முழுக் குரலில், அந்த ஒரு வரியை இழுத்து, ஏற்றி, இறக்கினாள். ஐஸ் டீ டம்ளர்கள் சிலிர்த்தன. கூடப் பாட வாயைத் திறந்த லாட்டிமர் அதை அப்படியே வைத்திருந்தார்.



"டெட்ராய்ட்லேர்ந்து எப்ப வந்தீங்க, சிஸ்டர்?" என்றார் அவர்.

"நான் எங்க சார் டெட்ராய்ட் போனேன்? இவர் என்னைக் கக்கூஸ் வரைக்கும்தான் அனுப்பினார்."

அலான்சோ முட்டுக்கொடுக்கப் பார்த்தான். "சரி, இவதான். போதுமா? ரெண்டாவது ஆல்பத்துல எனக்குப் பக்கத்துலயே நிக்க வச்சுக்கறேன்."

"எனக்கு நேரம் இருக்காதே," என்றாள் வெர்டெல். "அடுத்த மாசம் என் ஆல்பம் ஆரம்பிக்கிறாங்க."

"யாரு?"

"உன் கம்பெனிதான். ஸ்டூடியோவுல இருந்தவங்களுக்குத் தெரியாதா யார் குரல்னு? நீ காலையில பேப்பர் ஒளிக்கப் போவியே, அந்த நேரத்துலதான் போன் பண்ணுவாங்க. நீயும் சீக்கிரம் வந்து தொலைக்க மாட்டியா, நிம்மதியாப் பேசி முடிச்சேன். நேத்துக் கையெழுத்தும் ஆயிடுச்சு."

லாட்டிமர் பேனாவைத் திறந்துகொண்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். முதல் பாட்டு எது என்று கேட்டார். அவள் கோழித் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு மெல்ல முனகிக் காட்டினாள். அவர் விரலால் மேஜையில் தாளம் போட்டார்.

அலான்சோ முன்னால் சாய்ந்தான். பின்னால் சாய்ந்தான். எழுந்தான். உட்கார்ந்தான்.

"வெர்டெல்," என்றான், "பின்பாட்டுக்கு எனக்கு ஒரு இடம் சொல்லி வையேன்."