விமானம் ரத்தானால் எனக்குச் சொல்லுங்கள்

விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பினால் முகம் வாடிப்போகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். பெங்களூர் தொம்மலூர் ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜைக்காரர். எல்லோருக்கும் அவர் 'டிலே சார்'. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

ஓசூருக்கு பஸ்ஸில் போவதற்கே இன்ஷூரன்ஸ் உண்டா என்று விசாரிக்கிற ஆசாமி. விமானம் தாமதமானால் பயணிக்கு என்ன உரிமை, ரத்தானால் என்ன கேட்கலாம், எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஒருமுறை ஆபீஸ் வேலையாக இருவரும் சென்னைக்குக் கிளம்பினோம். விமானம் ரொம்பத் தாமதம் என்று அறிவித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மனிதருக்கோ முகமெல்லாம் பல்.

"இவ்ளோ நேரம் காக்க வெச்சா டிபன் தரணும்மா. ரூல் இருக்கு," என்று கவுன்ட்டருக்குப் போனார்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்," என்றாள் அங்கிருந்த பெண், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில்.

"பண்றேன்மா. இட்லி சாப்ட்டுட்டு பண்றேன்."

கொஞ்ச நேரத்தில் அத்தனை பேர் கையிலும் இட்லிப் பொட்டலம். முன்பின் தெரியாதவர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் பேசினார்கள். போர்டிங் என்றதும் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவே அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார், கூப்பிட்டாச்சு."

"அதுக்குள்ளயா?" என்றார். மனைவி காலமான பிறகு மர்பி டவுன் வீட்டில் அவருக்குப் பேச ஆளே இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ரிட்டயரான பிறகும் அடிக்கடி போன் செய்வார். "யாருக்காச்சும் ஃப்ளைட் கேன்சலாம்மா?" இல்லை என்றால் அவருக்குப் போனை வைக்கவும் மனசு வராது, பேசவும் விஷயம் இருக்காது. கேட்கக் கஷ்டமாக இருக்கும்.

போன வருஷம் என் கோவை விமானம் ரத்தானது. பாவம், சந்தோஷப்படட்டும் என்று அவருக்குப் போனில் சொன்னேன். ஏர்போர்ட் பஸ்ஸைப் பிடித்து நேரில் வந்தே விட்டார். டிக்கெட் இல்லாதவரை உள்ளே விடுவார்களா? கண்ணாடிக்கு வெளியே நின்று போனிலேயே படை நடத்தினார்.

"ரீஃபண்டா, வேற ஃப்ளைட்டா, அத நீதான் சொல்லணும். அவங்க முடிவு பண்ணக் கூடாது. விடாதம்மா."

சண்டைக்கே வேலை இல்லை. கேட்டவுடன் சாயங்கால விமானத்தில் இடம் கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்தேன். பெஞ்சில் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்து, இரண்டு காபியோடு காத்திருந்தார்.

"என்னம்மா சொன்னாங்க?"

புது டிக்கெட்டைப் பைக்குள் திணித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னும் ஒண்ணும் சொல்லல சார். கொஞ்ச நேரம் கூட இருங்களேன்."