மலையடிவாரத்தில் ஒரு குரல் 'உள்ளேன்' என்றது

லிட்டோஹோரோ,
ஆகஸ்ட் 3

பேரன்பும் மதிப்பும் கொண்ட அக்கா எவாந்தியாவுக்கு,

உன் தம்பி திரசீவுலோஸ் வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். வோலோஸில் நீயும், லெஃப்தெரிஸ் அத்தானும், அத்தானின் ரத்த அழுத்தமும் அவரவர் அளவில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய செர்ரிப் பாகு வந்து சேர்ந்தது. பாதியை நான் தின்றேன். மீதியைத் தெய்வங்களுக்குப் படைத்தேன், எறும்பு தின்றது. போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன். நான் ஜெயித்துவிட்டேன், அக்கா!

எதில் என்று கேட்காதே, உனக்குத் தெரியும். ஈஸ்டர் விருந்தில், ஆட்டுக்கறித் தட்டு என் பக்கம் வந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, அத்தனை பேர் முன்னாலும் கேட்டாயே: "டேய் வூலி, மூணு வருஷமா ஒலிம்பஸ் மலையடிவாரத்துல நின்னு அந்தப் பழைய சாமிங்களப் பேர் சொல்லிக் கூப்பிடுறியே, ஒரு தடவையாவது 'யாரு?'ன்னு ஒரு குரல் வந்துச்சாடா?" அத்தான் சிரித்த சிரிப்பில் மேஜையிலிருந்த சிவப்பு முட்டை உருண்டு கீழே விழுந்தது. நானும் ரோஷத்தில் சொன்னேன்: "ஆகஸ்ட் பதினஞ்சு, மாதா திருநாளுக்குள்ள பதில் வரலேன்னா உன் கோயிலுக்கு வந்து உன் பக்கத்துல நின்னு மெழுகுவர்த்தி ஏத்துறேன். என் பூசை அங்கியையும் தந்துடறேன், தரை துடைச்சுக்கோ."

அன்று சொல்லாத ஒன்றை இன்று சொல்கிறேன், ஜெயித்தவன் சொல்லலாம். உன் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. முப்பத்திநாலு வருடம் வடிவியல் நடத்தியவன் நான். நிரூபணம் இல்லாமல் ஒரு முக்கோணத்தைக்கூட நம்பாதே என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னவன். அப்படிப்பட்டவன் தெய்வங்களுக்கென்று ஒயினை மண்ணில் ஊற்றிவிட்டு வானத்தைப் பார்த்தால் வெறும் வானம்தான் தெரிந்தது. என்னை நானே ஓர் உதாரணத்தால் சமாதானம் செய்துகொள்வேன். வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிக்கும்போது பெயர் கூப்பிட்டும் பதில் வராவிட்டால் பையன் வரவில்லை என்று அர்த்தமில்லை, கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருக்கலாம். நல்ல உதாரணம்தான். ஆனால் மூன்று வருடம் ஒரு பையன் தூங்குவானா என்று உன் குரலிலேயே என் மனசு கேட்கும்.

ஏப்ரல் கடைசியிலிருந்து போன வாரம் வரை இங்கே ஒரு துளி மழை இல்லை. ஆலிவ் மரங்கள் பிஞ்சை உதிர்த்தன. இன்னும் பத்து நாளைக்கு மழைக்கு வாய்ப்பே இல்லை என்று வானிலை அறிக்கை சொல்லிவிட்டது. எங்கள் குழுத் தலைவர் பெரியாந்திரோஸ், இடியும் மழையும் தரும் ஜீயஸுக்கு வழிபாடு நடத்தத் தேதி குறித்தார். அவரை உனக்குத் தெரியும், டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவர். மாதாவின் பெயரிலிருந்து வந்தது என்பதால் பனயோத்திஸ் என்று பெற்றோர் வைத்த பெயரையே கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய காலத்துப் பெயர் சூட்டிக்கொண்டாரே, அவர்தான். "வாத்தியாரே, இந்தத் தடவ வேண்டுதல நீங்கதான் சொல்லணும். உங்க குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் போகும்" என்றார். அக்கா, அந்த ஆள் விளையாட்டாகச் சொன்னதை என்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நம்பாதவன் கூப்பிட்டால் யார் வருவார்கள்? ஆனாலும் ஒன்று முடிவு செய்தேன். இதுதான் கடைசி. இப்போதும் பதில் இல்லையென்றால் பதிவேட்டை மூடிவிடுவேன்.

ஒத்திகைக்காகப் பால்கனியில் நின்றேன். முதலில் மகள் அதினாவை அழைத்துப் பிறகு தந்தை ஜீயஸை அழைப்பது எங்கள் முறை. "அதினா! தெளிந்த கண்களை உடையவளே! வா!" என்று கைகளை உயர்த்திக் கூவினேன். பதில் இல்லை. மறுபடி கூவினேன். மூன்றாவது முறை பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது: "வரேன் சார், வரேன்! அடுப்புல கத்திரிக்கா இருக்கு, அணைச்சுட்டு வர வேண்டாமா? என்ன தலை போற அவசரம்?" கையில் கரண்டியோடு அதினா அம்மாள் வந்து நின்றார், ஊர்த் தேவாலயத்தில் பீடத் துணிகளுக்கு இஸ்திரி போடுகிறவர். இதை நான் பதிலாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன். விஷயம் தெரிந்ததும் அவர், "மழை வரணும்னா எதுக்கு சார் ஜீயஸு? நான் துணி துவைச்சுக் கொடியில போட்டாப் போதாதா? அஞ்சு நிமிஷத்துல கொட்டும்" என்றார். சொல்லிவிட்டு, கிழிந்திருந்த என் அங்கியின் ஓரத்தை அவரேதான் மடித்துத் தைத்தும் கொடுத்தார்.

வழிபாடு நடந்தது சென்ற ஞாயிறு நண்பகலில். அங்கிக்குக் கீழே ஓட்டக்காலணி அணிந்த பதினேழு பேர். பார்லி தூவினோம், பாலும் தேனும் ஊற்றினோம், தோத்திரம் பாடினோம். பாட்டின் நடுவே பெரியாந்திரோஸின் கைபேசி அலறியது. அவர் மனைவியின் குரல் மலை முழுதும் கேட்டது: "ஏய் பனயோத்தி, எங்க தொலைஞ்ச? வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா!" யாரும் சிரிக்கவில்லை, நான்தான் கொஞ்சம். பிறகு என் முறை வந்தது. ஒயின் கிண்ணத்தோடு முன்னால் போய் நின்றேன். மனப்பாடம் செய்திருந்த பழைய கிரேக்க மொழி வரிகள் அத்தனையும் மறந்துபோயின. வீட்டில் பேசுகிற மொழியில்தான் வாய் திறந்தது: "ஜீயஸ் ஐயா, நான் திரசீவுலோஸ். உங்களை நம்புறேனா இல்லையான்னு எனக்கே தெரியல. மரங்கள் காயுது. இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஓர் எறும்பு என் காலணியில் ஏறியது. சரி, முடிந்தது, அங்கியைத் துவைத்து அக்காவுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். நினைத்து முடிக்கவில்லை, அக்கா! சிகரத்துக்குப் பின்னாலிருந்து கரிய மேகம் ஒன்று தலை நீட்டியது, வெளிச்சம் கண்ணைப் பறித்தது, இருபதடி தள்ளி நின்ற பைன் மரம் இடி விழுந்து இரண்டாகப் பிளந்தது! பதினேழு பேரும் ஒரே நேரத்தில் அலறினோம். என்ன சொல்லி அலறினோம் என்பது இங்கே முக்கியமில்லை. மழை! ஊற்றோ ஊற்று என்று ஊற்றியது. பெரியாந்திரோஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "வந்துட்டாரு வாத்தியாரே, வந்துட்டாரு!" என்றார். நானும் அழுதேன், மழையில் யாருக்குத் தெரியும்? ஓர் ஆசிரியனாக ஒன்றை மட்டும் சரிபார்த்துவிட்டேன். அன்று அதினா அம்மாளின் கொடியில் ஒரு கைக்குட்டைகூட இல்லை.

ஆகவே, அக்கா, அங்கி வராது, தரைக்கு வேறு துணி பார்த்துக்கொள். அடுத்த ஈஸ்டரில் அதே மேஜையில், அதே ஆட்டுக்கறித் தட்டின் முன்னால், "என் தம்பிக்குப் பதில் வந்தது" என்று நீ உன் வாயால் சொல்ல வேண்டும். அத்தான் சிரிக்கக் கூடாது.

அத்தானுக்கு என் வணக்கம். ஒலிம்பஸின் பன்னிரண்டு தெய்வங்களும் உங்கள் வீட்டைக் காக்கட்டும். அவர்களில் யாரையாவது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் மற்றப் பதினொருவரை வைத்துக்கொள்.

வெற்றிக் களிப்புடன்,
உன் அன்புத் தம்பி,
திரசீவுலோஸ்

பின்குறிப்பு: நடுவில் ஒரு படியை விட்டுவிட்டு விடையை எழுதும் மாணவனுக்கு நான் மதிப்பெண் கொடுத்ததே இல்லை. மேலே நானும் ஒரு படியை விட்டிருக்கிறேன். இடிக்கும் மழைக்கும் நடுவே ஓர் அலறல் இருந்தது அல்லவா? "மாதாவே, என்னைக் காப்பாத்து தாயே!" என்பதுதான் அது. ஒயின் கிண்ணம் பிடித்த கையாலேயே மூன்று முறை சிலுவை போட்டேன், ஒயின் முழுதும் என் நெஞ்சில் கொட்டியது. என் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதாகவும் நேர்ந்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் முதல் துளி விழுந்தது. இரண்டு பெயரையும் கூப்பிட்டவன் நான். 'உள்ளேன்' என்றது யார் என்று எந்த வடிவியலாலும் சொல்ல முடியவில்லை. ஆனால் நேர்ந்தது நேர்ந்ததுதான். பதினைந்தாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். இதைத் தோல்வி என்று எண்ணாதே. எங்களுடையது பல தெய்வங்கள் உள்ள வீடு, இன்னொரு அம்மாவுக்கு நாற்காலி போட இடம் இருக்கிறது. ஒரு மீட்டர் அறுபத்திநாலு சென்டிமீட்டரில் மெழுகுவர்த்தி சொல்லிவை. எல்லோரும் சேர்ந்து கத்தியதில் யார் குரலும் யாருக்கும் கேட்கவில்லை. அதனால் குழுவில் மற்றப் பதினைந்து பேருக்கும் இது தெரிய வேண்டாம். பதினாறாமவரான பெரியாந்திரோஸ் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையில் வருகிறார். அவருக்கு ஒரு மீட்டர் எழுபத்தெட்டு.