வாப்பாவின் வானிலை ரிப்போர்ட்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
1937 நவம்பர் 16, நோன்பு பன்னிரண்டு

சிங்கப்பூரில் ஆகாயக் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் அருமை மகன் கமாலுக்கு வாப்பா ஷேக் அலாவுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் உம்மாவும் ஐந்து கோழிகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அங்கே உன் கை கால்கள் உன் உடம்போடேயே இருக்க வேண்டுமென்று ஐந்து வேளையும் துவா செய்கிறோம்.

நோன்புப் பெருநாளைக்கு மூன்று நாள் லீவு கிடைக்கும், பட்டறையில் பழுது பார்த்த கப்பலிலேயே ஏறி வந்துவிடலாம், வாப்பா வரச் சொன்னால் வருகிறேன் என்று உம்மாவுக்கு எழுதியிருக்கிறாய். அவளுக்கு வாசித்துக் காட்டியது நான்தான், அதனால் தெரியாத மாதிரி இருக்க வழியில்லாமல் போயிற்று. என் பதில், வர வேண்டாம். அந்தத் தகரப் பறவையைத் தொட்ட கையோடு என் வாசலை மிதிக்காதே என்று இரண்டு வருஷத்துக்கு முன் படகுத்துறையில் நாலு பேர் கேட்கச் சொன்னேன் அல்லவா, சொன்னது சொன்னதுதான். உன் உம்மாவும் உன்னை நினைப்பதே இல்லை. நிம்மதியாக இருக்கிறோம்.

நான் இப்போது இங்கே விமானத் திடலில் வேலைக்குப் போவது உன் காதுக்கு எட்டியிருக்கும். சிரிக்காதே. முப்பது வருஷம் தொங்காங் படகில் சரக்கு இறக்கியவன், காற்றின் குணம் தெரிந்தவன் என்று கூப்பிட்டார்கள், வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் போனேன், வேறு காரணம் ஒன்றும் கிடையாது. காலையில் திடலில் நின்று காற்று, மேகம், தரை மூன்றையும் பார்த்து, கடைசியில் இறங்கலாம் அல்லது இறங்கக் கூடாது என்று ஆபீஸ் கிராணி வாசுவிடம் சொல்ல வேண்டும். அவன் அதை இங்கிலீஷில் தந்தி அடிப்பான். அதை நம்பித்தான் அங்கிருந்து கப்பல் கிளம்பும். முதல் வாரமே வினை வந்தது. கொட்டுகிற மழையில் தொப்பலாக நிற்கிறேன், வாசு ஜன்னலை ஒரு விரல் திறந்து, "பாய், எப்படி இருக்கு?" என்றான். "அல்ஹம்துலில்லா, நல்லா இருக்கு, ஒரு குறையும் இல்லே" என்றேன். எப்படி என்று ஒரு மனிதர் கேட்டால் முதலில் அப்படித்தானே சொல்வோம்? இடுப்பு வலியெல்லாம் அதற்குப் பிறகுதானே வரும்? நான் மழை விஷயத்துக்கு வருவதற்குள் அவன் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தந்தியை அடித்துவிட்டான்.

கப்பல் வந்தது. மழைக்குள் மூன்று சுற்றுச் சுற்றி, சேற்றில் வழுக்கிக்கொண்டே ஓடி, வேலி ஓரத்தில் போய் நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் கையெல்லாம் எண்ணெயாக ஒரு மெக்கானிக் இறங்கினான், உன் உயரம், உன் தோள். நீ இல்லை. நீ இல்லை என்று தெரிந்த பிறகும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். திடலுக்குப் பொறுப்பான துரை வந்து கோபத்தில் குதித்தார். "மழை சத்தம் எனக்கும் கேட்டுச்சு துரை, பெரியவரே நல்லா இருக்குன்னு சொல்றப்ப நான் யாரு லா?" என்று வாசு கையை விரித்துவிட்டான். துரை என்னைப் பார்த்தார். "எப்படின்னு கேட்டா அப்படித்தானே துரை சொல்லணும்?" என்றேன். வாசு அதை இங்கிலீஷில் சொல்லக் கேட்ட துரை, ஆகாயத்தில் இருப்பவனுக்கு உன் மரியாதை வேண்டாம், உள்ளதைச் சொல் என்று வாசுவை விட்டுச் சொல்லவைத்தார். மறுநாளிலிருந்து உள்ளதையெல்லாம் சொன்னேன். தென்மேற்கே மேகம், ஓடுபாதையில் இரண்டு ஆடு, வேலியில் யாருடைய கைலியோ காய்கிறது, வாசுவின் குடையில் ஓட்டை. "பாய், ஓட்டையையும் சிங்கப்பூருக்கு அடிக்கவா?" என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஆகையால் மகனே, வேலையைக் கவனி. வந்தே தீருவேன் என்றால் ரயிலில் பிறை ஸ்டேஷன் வரை வந்து பெர்ரி ஏறி, மனிதர்கள் வருவது போல வா. ஆனால் வர வேண்டாம். ஸஹருக்கு எழுந்து சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் ஆயுளை நீளமாக்கி, நீ முடுக்குகிற திருகாணிகளை இறுக்கமாக்கி வைப்பானாக.

இப்படிக்கு,
உன் வாப்பா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போனவன் நிறுத்திவிட்டேன். மேலே எழுதியது ஜன்னல் வழியாக வாசுவுக்குச் சொன்னது போல ஆகிவிட்டது. போன வருஷம் நான் விழுந்து காலை முறித்துக்கொண்டு கிடந்தபோதும் யாவரும் சுகம் என்றுதான் உனக்கு எழுதினேன். உன் உம்மா தினமும் நோன்பு திறக்க மூன்று கோப்பையில் கஞ்சி ஊற்றுகிறாள். மூன்றாவது யாருக்கு என்று நான் கேட்பதில்லை, நானே குடித்துவிடுகிறேன். எந்தக் கப்பலில் நீ வருவாயோ என்று பார்க்கத்தான் அந்தத் திடலுக்கே வேலைக்குப் போனேன். இனி உள்ளது உள்ளபடி வீட்டு ரிப்போர்ட். காற்று, உம்மா பக்கமிருந்து என்மேல் பலமாக. மேகம், இரண்டு வருஷமாக என் பக்கம் மட்டும். தரை, கூட்டிக் கழுவியாகிவிட்டது. வாசல் கதவு சாத்தவில்லை. இறங்கலாம்.